பயந்த பால் கொடுக்கலாமா?

2024 பெப்ரவரி 12, இரவு 9.40. எழுதியவர்: மூத்தவள்

தங்கச்சிக்குப் பிள்ளை பிறந்து ஐந்து கிழமை. போன சனிக்கிழமை அவளுடைய கணவர் குடித்துவிட்டு வந்து அடித்திருக்கிறார், பிள்ளை மடியில் இருக்கும்போதே. அன்றிலிருந்து பால் வரவில்லை என்கிறாள். பயந்தவளின் பால் பிள்ளைக்கு ஆகாது, சூடேறின பால், குடித்தால் வயிறு ஊதும், பிழிந்து ஊற்றிவிட்டு மா கரைத்துக் கொடு என்று பெரியம்மா சொல்கிறார். நேற்றிலிருந்து மாதான் கொடுக்கிறோம். நாங்கள் செய்தது சரியா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

2024 பெப்ரவரி 12, இரவு 10.55. பதில் எழுதியவர்: உப்புவெளி

பால் கெடவில்லை, மூத்தவள். பயந்தாலும் அழுதாலும் கோபப்பட்டாலும் பால் நஞ்சாகாது. பிழிந்து ஊற்ற வேண்டாம். இன்றிரவே பிள்ளையை மார்பில் போடச் சொல்லுங்கள், வருகிறதோ இல்லையோ.

சில விஷயங்கள் உடனே தெரிய வேண்டும். கரைப்பது என்ன மா? தேத்தண்ணீருக்கு வாங்கும் பால்மா என்றால் இப்போதே நிறுத்துங்கள், ஒரு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு அது ஆகாது. ஒரு நாளில் பிள்ளைக்கு எத்தனை துணி நனைகிறது? அப்புறம், அவர் இப்போது எங்கே? இன்றிரவு தங்கச்சியோடு யார் படுக்கிறார்கள்?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் எழுதுங்கள்.

2024 பெப்ரவரி 12, இரவு 11.45. உப்புவெளி

பதில் பார்த்தேன். அவர் தொழிலுக்குப் போய்விட்டார், திரும்பப் பத்து நாளாவது ஆகும், பெரியம்மா கூடப் படுக்கிறார், கரைப்பது குழந்தை மாதான், ஆறேழு துணி நனைகிறது. சரி. மூச்சு விடலாம். (அவருடைய தொழிலையும் ஊர்ப்பெயரையும் பதிவிலிருந்து எடுத்துவிடுங்கள். நம் இடம் சின்னது. யார் வாசிக்கிறார்கள் என்று தெரியாது.)

பால் ஏன் வரவில்லை என்பதைப் பெரியம்மாவுக்கும் விளங்கும்படி எழுதுகிறேன். வாசித்துக் காட்டுங்கள்.

பால் சுரப்பது ஒரு வேலை. சுரந்த பால் இறங்குவது வேறு வேலை. சுரக்க வைப்பது புரோலாக்டின் என்ற ஹோர்மோன். பிள்ளை உறிஞ்ச உறிஞ்ச அது கூடும், இரவில் இன்னும் கூடும். இறக்குவது ஒக்சிடோசின் என்ற இன்னொரு ஹோர்மோன். பிள்ளையின் அழுகையைக் கேட்டதுமே சிலருக்குச் சட்டை நனைந்துவிடுகிறதே, அது ஒக்சிடோசினால்தான். பயம் வந்தால் உடம்பில் அட்ரினலின் ஏறும். நெஞ்சு அடிக்கும், கைகால் ஓடுவதற்குத் தயாராகும், ஒக்சிடோசின் அடங்கிவிடும். பால் மார்பிலேயே இருக்கும், இறங்காது. வற்றிவிட்டது என்று தாய் நினைக்கிறாள். பிள்ளை கத்துகிறது. அவள் இன்னும் பயப்படுகிறாள். பால் இன்னும் இறங்காது.

1948இல் மைக்கேல் நியூட்டன், நைல்ஸ் நியூட்டன் என்ற கணவனும் மனைவியும் இதைச் சோதித்து எழுதினார்கள். பால் கொடுக்கும் ஒரு தாயின் கால்களைப் பனிக்கட்டித் தண்ணீரில் வைத்தார்கள், கால் பெருவிரலை வலிக்க இழுத்தார்கள், விடாமல் கணக்குக் கேட்டார்கள். அமைதியாக இருந்த வேளையில் பிள்ளை சராசரியாக 168 கிராம் குடித்தது. தொந்தரவு செய்த வேளையில் 99 கிராம். அதே தொந்தரவோடு ஒக்சிடோசின் ஊசியும் போட்டபோது 153 கிராம். பால் முழு நேரமும் உள்ளேதான் இருந்திருக்கிறது. பனித் தண்ணீருக்கும் கணக்குக்குமே உடம்பு இப்படிப் பூட்டிக்கொள்ளும் என்றால், பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அடி வாங்கியவளின் உடம்பு என்ன செய்யும்?

மன அழுத்தத்தில் கூடும் கோர்ட்டிசோல் என்ற ஹோர்மோன் கொஞ்சம் பாலில் போகும். நிம்மதியாக இருக்கும் தாயின் பாலிலும் அது இருக்கிறது. அதற்காகப் பாலை நிறுத்தச் சொல்ல ஒரு காரணமும் இல்லை.

கவனிக்க வேண்டியது வேறு. மார்பில் பால் தேங்கித் தேங்கி நின்றால், இவ்வளவு தேவையில்லை என்று உடம்பு எடுத்துக்கொள்ளும். மாவிலேயே ஓடினால் சில நாளில் சுரப்பு உண்மையாகவே குறைந்துவிடும். பால் கட்டிக் காய்ச்சலும் வரலாம். ஆனால் மாவைச் சட்டென்று நிறுத்தவும் வேண்டாம், பிள்ளை பசியில் கிடக்கக் கூடாது. முதலில் மார்பு, பிறகு தேவையான அளவு மா, அதையும் கோப்பையால். இரவும் பகலுமாக எட்டுத் தொடக்கம் பன்னிரண்டு தரம் மார்பில் போடட்டும்.

2024 பெப்ரவரி 13, காலை 5.20. உப்புவெளி

நித்திரை வரவில்லை. என் கதையைச் சொல்லாமல் இதை எழுத முடியாது.

மூத்தவன் பிறந்தது 2006 ஆனியில். நாங்கள் சம்பூர்ப் பக்கம். மாவிலாறு அணைக்கட்டில் தொடங்கிய பிரச்சினை ஆவணிக்குள் மூதூர் முழுக்கப் பரவிவிட்டது. இரண்டு மாதப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஈச்சிலம்பற்று, வெருகல், வாகரை என்று போனோம். ஷெல் விழும்போது பால் நிற்கும். அவன் உறிஞ்சிப் பார்த்துவிட்டுக் கத்துவான். சத்தம் ஓய்ந்ததும் அம்மா பக்கத்தில் குந்தி முதுகைத் தடவுவார், கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும். மரத்தடியில் ஐந்தாறு தாய்மார் சேர்ந்து இருப்போம். ஒருத்தியின் பிள்ளை அழுதால் மற்றவளுக்கு ஒழுகும். ஒழுங்கான சாப்பாடு இல்லை, குடிக்கிற தண்ணீர் உவர். அப்படியிருந்தும் அவன் ஒன்றரை வயது வரை குடித்தான்.

இரண்டாவது பிள்ளை 2009இல், கிளிவெட்டி முகாமில் இருந்தபோது. சண்டை முடிந்திருந்தது. நிவாரண அரிசி வந்தது, தகரக் கூரை இருந்தது, கிளினிக் இருந்தது. 2006ஐ நினைத்தால் எல்லாமே மேல். பால் மட்டும் வரவில்லை.

என் கணவர் முன்பு அடிக்கிறவர் இல்லை. காணிக்குப் போக முடியாது, தோணி போய்விட்டது, நாள் முழுக்கச் சும்மா இருக்க வேண்டும். கசிப்பில் இறங்கினார். நான் இதைச் சாட்டாகச் சொல்லவில்லை. அதே முகாமில், அதே காணியை இழந்து, ஒரு நாளும் கை நீட்டாத ஆண்கள் எத்தனையோ பேர். அடுத்த கொட்டிலில் இருந்தவர் பிள்ளைப்பெற்ற மனைவிக்கு விடியக் காலையில் வெந்நீர் வைத்துக் கொடுப்பார். தகரத்தின் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஆறு மணிக்குப் பிறகு இவருடைய சைக்கிள் வரும். சங்கிலி கவரில் உரசும் ஒரு சத்தம் உண்டு. அது கேட்டதும் என் தோளிலிருந்து மார்பு வரை இறுகும். பிள்ளையின் வாயில் இருக்கும்போதே பால் நின்றுவிடும். அடி விழாத நாளிலும் நின்றது. பிறகு சைக்கிளே தேவைப்படவில்லை, பொழுது பட்டாலே நின்றது. பிள்ளையின் அழுகைக்கு இறங்கப் பழகும் அதே உடம்பு, சைக்கிளுக்கு நிறுத்தவும் பழகிவிடுகிறது.

பிள்ளை பசியில் அழும். அழுதால் அவருக்குக் கோபம் வரும். மலட்டு மாடு என்பார். ஒரு நாள் பிள்ளையை மார்பிலிருந்து இழுத்துப் பாயில் போட்டார். நான் பிள்ளையைத் தூக்கவில்லை. தூக்கினால் அடி விழும் என்று கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். இதை யாரிடமும் இதுவரை சொன்னதில்லை.

ஷெல் ஓய்ந்தால் பயம் ஓயும். வீட்டுக்குள் இருக்கும் பயம் ஓயாது.

2024 பெப்ரவரி 13, பகல் 12.10. உப்புவெளி

வாகரையில் தன் அக்காவுக்குப் பால் முற்றாக நின்றது, திரும்ப வரவே இல்லை என்று ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அந்த அக்கா தனியாக இரண்டு பிள்ளைகளோடு வந்தவராம்.

காலையில் கடைசி வரியைப் பிழையாக எழுதிவிட்டேன். யுத்தப் பயம் இலேசு என்பது போல வந்துவிட்டது. எனக்கு அது ஓய்ந்தது என்பதற்காக எல்லாருக்கும் ஓய்ந்தது என்று எழுதக் கூடாது. அன்றைக்கு என் பாலை இறக்கியது அம்மாவின் கை. 2009இல் அம்மா உயிரோடு இல்லை. இத்தனை வருடம் இதை இப்படிச் சேர்த்துப் பார்க்கவில்லை.

2024 பெப்ரவரி 13, இரவு 8.30. உப்புவெளி

மூத்தவள், பாலைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். தங்கச்சியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. எங்கே அடி? தலையில் பட்டதா, பிறகு வாந்தி, மயக்கம், விடாத தலையிடி உண்டா? கழுத்தைப் பிடித்தாரா? வயிற்றில் உதைத்தாரா, உதிரம் கூடியதா? இதில் ஒன்று இருந்தாலும் காலையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள், இரவில் கூடினால் 1990க்கு எடுங்கள், அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். கழுத்தைப் பிடிப்பது மற்ற அடிகளைப் போல இல்லை. வெளியே தழும்பு இல்லாமலே உள்ளே வீங்கும். ஒரு தரம் கழுத்தைப் பிடித்த ஆளின் கையில் அவள் உயிர் போகும் ஆபத்தும் பல மடங்கு கூடுகிறது.

சாப்பிடுகிறாளா? தூங்குகிறாளா? கதவு அடித்தால் திடுக்கிடுகிறாளா, அல்லது ஒன்றுக்கும் அசையாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாளா? இரண்டாவது கூடுதல் கவலை. ஊரில் அதைப் பொறுமை என்று சொல்வார்கள்.

2024 பெப்ரவரி 13, இரவு 9.15. உப்புவெளி

கழுத்து இல்லை, தோளிலும் கன்னத்திலும்தான், காது இரைகிறது என்று பதில் வந்திருக்கிறது. காதைக் காட்டுங்கள். காட்டும்போது எப்படிப் பட்டது என்று உண்மையைச் சொல்லச் சொல்லுங்கள். பல அரச ஆஸ்பத்திரிகளில் நட்பு நிலையம் என்று ஓர் அறை உண்டு, இதற்கென்றே தாதியர் இருப்பார்கள். துண்டு எழுதும் இடத்தில் "நட்பு நிலையம்" என்று மட்டும் கேட்டால் போதும், வேறு ஒன்றும் விளக்கத் தேவையில்லை.

2024 பெப்ரவரி 14, காலை 6.05. உப்புவெளி

மிட்வைஃப் மிஸ்மார் யாராவது இதை வாசித்தால் உங்களுக்காக ஒன்று.

2009இல் எங்களிடம் வந்த மிஸ் பிள்ளையை நிறுத்தார். கிளினிக் கொப்பியில் எடைக் கோடு ஏறவில்லை, படுத்திருந்தது. பால் போதுமா என்றார். போதும் மிஸ் என்றேன். இவர் வாசலில் இருந்தார். எத்தனை தரம் கொடுக்கிறீர்கள், பத்துத் தரம் மிஸ். எல்லாம் பொய் இல்லை. பத்துத் தரம் போட்டேன், அவள் குடிக்கவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த முறை வந்தபோது கை கழுவ வேண்டும் என்று என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனார். நான் வாளியை இறக்கிக்கொண்டிருந்தேன். என் முகத்தைப் பார்க்காமல், கையை நீட்டிக்கொண்டு, "யாருக்குப் பயப்படுறீர்?" என்று கேட்டார். பயமா என்று கேட்டிருந்தால் இல்லை என்றிருப்பேன். யாருக்கு என்றதும் வாய் திறந்துவிட்டது. கயிற்றை விட்டுவிட்டேன், வாளி உள்ளே போய்விட்டது. வீட்டில் கிடக்கும் கொப்பியில் அவர் ஒன்றும் எழுதவில்லை. தன் பையில் இருந்த புத்தகத்தில் எழுதிக்கொண்டார். அந்த விவேகத்துக்கு இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

எடின்பரோ வினாத்தாள் என்று பத்துக் கேள்வி உண்டு. 1987இல் உருவாக்கியது, தமிழிலும் இருக்கிறது. பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு வரும் மனச்சோர்வைக் கண்டுபிடிக்க நல்ல கருவி. ஆனால் அதில் ஐந்தாவது கேள்வியைப் பாருங்கள்: சரியான காரணம் இல்லாமல் பயமோ பதற்றமோ வந்ததா என்று கேட்கிறது. அடி வாங்குகிறவளுக்குக் காரணம் இருக்கிறது! நேர்மையானவள் "இல்லை" என்றுதான் எழுதுவாள். யார் அடித்தது என்று பத்தில் ஒன்றும் கேட்காது. அதைக் கிணற்றடியில் ஓர் ஆள்தான் கேட்க வேண்டும்.

2024 பெப்ரவரி 14, மாலை 4.50. உப்புவெளி

"எனக்கு யாரும் அடிக்கவில்லை. சின்ன வயதில் ஒன்று நடந்தது. பிள்ளை மார்பைத் தொட்டால் அருவருப்பாக இருக்கிறது. நான் தாயா?" என்று ஒருவர் தனியாக எழுதிக் கேட்டார். அவரிடம் அனுமதி வாங்கித்தான் இங்கே எழுதுகிறேன்.

நீங்கள் தாய்தான். உடம்பு நினைவு வைத்திருக்கிறது, அவ்வளவுதான். சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள் சிலருக்குப் பால் கொடுக்கும்போது அந்தப் பழைய கை திரும்ப வருவது போல இருக்கும். இருட்டில், படுத்துக்கொண்டு கொடுக்கும் இரவுப் பால்தான் பலருக்குக் கடினம். விளக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். எழுந்து சாய்ந்து இருங்கள். கதவு தெரிகிற பக்கம் பார்த்து இருங்கள். பிள்ளையின் கை மேய்வது பிடிக்கவில்லை என்றால் அதன் கையில் ஒரு துணியைக் கொடுங்கள். பகலில் மார்பில், இரவில் கறந்த பாலைக் கோப்பையில் என்றும் வைத்துக்கொள்ளலாம்; வேறு யாராவது கொடுக்கட்டும். நம் வெக்கைக்குக் கறந்த பாலை வெளியில் வைக்காமல் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள்.

பால் இறங்கப் போகும் அந்தக் கணத்தில் மட்டும் ஒரு பெரிய சோகம் வந்து, ஓரிரு நிமிடத்தில் போய்விடுகிறதா? அது வேறு விஷயம், உடம்பின் இரசாயன மாற்றம். பழைய நினைவோ புத்திக் கோளாறோ இல்லை.

இதையும் சொல்ல வேண்டும். மூத்தவன் பிறந்தபோது ஓர் ஆஸ்பத்திரி வார்ட்டில் ஒரு தாதி கேட்காமல் கொள்ளாமல் என் மார்பைப் பிடித்துப் பிள்ளையின் வாயில் திணித்தார். அவருக்கு அது நாளைக்கு நாற்பது தரம் செய்கிற வேலை. எனக்கு அன்று முழுக்கக் கை நடுங்கியது. தொடட்டுமா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

2024 பெப்ரவரி 14, இரவு 10.30. உப்புவெளி

இரண்டாம் தரம் யோசித்துவிட்டு எழுதுகிறேன். திங்கட்கிழமையிலிருந்து நான் பால் பால் என்றே தள்ளிக்கொண்டு வந்திருக்கிறேன்.

அதற்கு ஒரு காரணம் உண்டு. கேத்லீன் கெண்டல்-டாக்கெட் என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும் 2013இல் வெளியிட்ட ஆய்வில் 6,410 தாய்மார், அவர்களில் 994 பேர் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள். அந்த 994 பேரிலும், தாய்ப்பால் மட்டும் கொடுத்தவர்களுக்கு மாவோ கலந்தோ கொடுத்தவர்களைவிட நித்திரை மேல், மனச்சோர்வு குறைவு. பால் கொடுப்பது பிள்ளைக்கு மட்டும் என்றிருந்த எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது.

ஆனால் பால் கொடுத்ததால் நித்திரை வந்ததா, நித்திரை வருகிற நிலையில் இருந்தவர்களால் பால் கொடுக்க முடிந்ததா? ஒரு கருத்துக்கணிப்பை வைத்து அதைத் தீர்க்க முடியாது. தொட்டாலே உடம்பு கூசுகிற ஒருத்தியிடம் போய் "கொடு, உனக்கே நல்லது" என்று சொன்னால், நானும் அந்த வார்ட் தாதி மாதிரித்தான். நிறுத்த வேண்டும் என்று தோன்றினால் நிறுத்தலாம். சுத்தமான கொதித்தாறிய தண்ணீர், பேணியில் போட்டிருக்கும் அளவு, கோப்பை. பிள்ளை வளரும். என் மகள் நாலாம் மாதத்திலிருந்து மாவில் வளர்ந்தவள். இன்றைக்கு என்னைவிட உயரம்.

2024 பெப்ரவரி 15, காலை 9.00. உப்புவெளி

பால் கூடும் என்று பிள்ளைக்காரிக்குக் கொடுக்கிற பால்சுறா வறை பற்றிப் பதினான்கு பேர் எழுதியிருக்கிறீர்கள்! ஒருவர் உள்ளியைத் தட்டிப் போட வேண்டும் என்கிறார், இன்னொருவர் மிளகு இல்லாவிட்டால் அது வறையே இல்லை என்கிறார். முருங்கையிலைக் கட்சி தனியாக இருக்கிறது. சந்தோசமாக வாசித்தேன். இந்த இழையில் சிரித்தது இதுதான் முதல் தரம்.

வறையால் பால் கூடும் என்பதற்கு உறுதியான ஆய்வு இல்லை. ஆனால் வறை செய்ய ஒருத்தி வர வேண்டும், சுறாவை அவித்து உதிர்க்க வேண்டும், தேங்காய்ப்பூப் போட்டுப் பிரட்ட வேண்டும், தட்டை வைத்துவிட்டு அவள் சாப்பிடும் வரை பக்கத்தில் இருக்க வேண்டும். அந்த ஒரு மணி நேரம் பிள்ளைக்காரி தனியாக இல்லை. பெரியம்மா பாலைப் பற்றிச் சொன்னது பிழை, சரக்கு அரைத்துக் கொடுத்துக் கூடப் படுப்பது மிகச் சரி. அவரோடு சண்டை பிடிக்காதீர்கள்.

2024 பெப்ரவரி 15, காலை 9.25. உப்புவெளி

மேலே விட்டது: பெரிய சுறாவில் பாதரசம் கூட, பால் கொடுப்பவர்கள் அடிக்கடி சாப்பிடக் கூடாது. குட்டிச் சுறா, கிழமைக்கு ஒரு தரம், போதும். மற்ற நாளில் சாளையும் கீரியும்.

2024 பெப்ரவரி 16, மாலை 6.40. உப்புவெளி

இது குடிகாரர் வீட்டுப் பிரச்சினை, முகாம் ஆட்களின் பிரச்சினை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல் நாடு முழுக்கப் பெண்களிடம் கேட்டது. துணையோடு வாழ்ந்த, வாழும் பெண்களில் 20.4 வீதம் பேர் அந்தத் துணையிடமிருந்து உடல் அல்லது பாலியல் வன்முறையை வாழ்நாளில் அனுபவித்தவர்கள். ஐந்தில் ஒருத்தி. கிளினிக்கில் வாங்கில் வரிசையாக இருக்கும் பத்துத் தாய்மாரை நினைத்துக்கொள்ளுங்கள். இதே நாட்டில் 2016 கணக்கெடுப்பின்படி ஆறு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைகளில் 82 வீதம் தாய்ப்பால் மட்டும் குடிக்கின்றன. பெருமைதான். ஆனால் பால் வராதவள் இங்கே இன்னும் கூடுதலாகக் கூச்சப்படுகிறாள், எல்லாருக்கும் வருகிறதே என்று.

இப்போது வீட்டு விஷயம். நம் கிழக்கில் பெரும்பாலும் வீடு பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுத்தது. தமிழரிலும் அப்படி, முஸ்லிம்களிலும் அப்படி. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். ஆனால் அடி விழுந்த இரவில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே நிற்பது யார்? வீட்டு உறுதியில் பெயர் உள்ளவள்! மூத்தவள், உங்கள் தங்கச்சி இருப்பது அவளுடைய வீடு என்று நேற்று எழுதியிருந்தீர்கள். அதை வாசித்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். முதலில் 14 நாள் வரை இடைக்காலக் கட்டளை, விசாரணைக்குப் பிறகு 12 மாதம் வரை. அவர் அந்த வீட்டுக்குள் வரக் கூடாது என்றும் நீதவான் கட்டளையிட முடியும். அவள் சார்பில் பொலிசும் விண்ணப்பிக்கலாம். விவாகரத்து எடுக்கத் தேவையில்லை, அவரை மறியலில் போட வேண்டும் என்றும் இல்லை. சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழு. முதலில் பேசிப் பார்க்க 1938, அது பெண்களுக்கான உதவி இலக்கம். பிரதேச செயலகத்தில் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருக்கிறார்.

கிண்ணியாவிலிருந்து கேட்டவருக்கு: ஆம், இந்தச் சட்டம் எல்லாருக்கும் பொது. முஸ்லிம் திருமண வழக்குகளைப் பார்க்கும் காதி நீதிமன்றத்தில் வழக்கு இருந்தாலும் இதைத் தனியாகக் கேட்கலாம்.

2024 பெப்ரவரி 16, இரவு 11.10. உப்புவெளி

"எழுதுவது இலேசு. கட்டளையோடு அவள் அந்த வீட்டில் தனியே இருப்பாளா?" என்று கேட்டவருக்கு. சரியான கேள்வி. தாள் அடியைத் தடுக்காது. பிரிந்து போகிற, போகப் போகிறேன் என்று சொல்கிற நேரம்தான் மிக ஆபத்தானது. அதனால் அவரிடம் முன்கூட்டி ஒன்றும் சொல்ல வேண்டாம். நான் 2010இல் செய்தது இது: அடையாள அட்டை, இரண்டு பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், கிளினிக் கொப்பி, கொஞ்சக் காசு, ஒரு உடுப்பு. வெந்நீர் வைத்துக் கொடுப்பவரின் மனைவியிடம் அரிசிப் பையின் அடியில் வைத்திருந்தேன். எட்டு மாதம் வைத்திருந்தேன். அவள் ஒரு நாளும் என்னவென்று கேட்கவில்லை.

தொலைபேசியை அவர் பார்ப்பாரா? அப்படியென்றால் 1938க்குத் தங்கச்சியின் போனிலிருந்து எடுக்க வேண்டாம், உங்களுடையதிலிருந்து எடுங்கள். இந்த இழையையும் அவளுக்கு அனுப்பாதீர்கள். வாயால் சொல்லுங்கள்.

2024 பெப்ரவரி 18, காலை 7.30. உப்புவெளி

நேற்றிரவு மூத்தவள் எழுதியது: "விடியச் சாமம் பிள்ளை சிணுங்கினதும் அவளுக்குச் சட்டை நனைந்துவிட்டது. பெரியம்மா விளக்கைப் போட்டுக்கொண்டு அழுகிறார்."

ஏழு நாள். அவர் வீட்டில் இல்லாத ஏழு நாள். வேறு மருந்து ஒன்றும் கொடுக்கவில்லை.

மாவை ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். நாளைக்கு ஒரு வேளையைக் குறையுங்கள், துணி நனைவதைப் பார்த்துக்கொள்ளுங்கள், பிள்ளையின் எடையை நிறுத்துப் பாருங்கள்.

2024 பெப்ரவரி 18, பகல் 2.15. உப்புவெளி

மருந்தைப் பற்றி: மனநல வைத்தியர் மாத்திரை எழுதினால் பாலை நிறுத்த வேண்டுமா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் நிறுத்தத் தேவையில்லை. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் செர்ட்ரலின் போன்றவை பாலில் மிகக் குறைவாகவே போகும், பால் கொடுப்பவர்களுக்கு அதைத்தான் பெரும்பாலும் முதலில் எழுதுகிறார்கள். பால் கொடுக்கிறேன் என்று வைத்தியரிடம் சொல்லுங்கள். யாரோ சொன்னார்கள் என்று மாத்திரையைப் பாதியில் விடாதீர்கள்.

2024 பெப்ரவரி 21, இரவு 9.50. உப்புவெளி

மூத்தவள், வாசித்தேன். பிள்ளை ஆறு நாளில் 160 கிராம் ஏறியிருக்கிறது. காதுச் சவ்வில் சின்னக் கிழிவு, தானாக மூடும் என்றிருக்கிறார்கள். நட்பு நிலையத்தில் அவள் வாய் திறந்து சொன்னாள் என்றீர்கள். அதை மூன்று தரம் வாசித்தேன்.

அவர் வெள்ளிக்கிழமை வருகிறார். கட்டளை கேட்பதா வேண்டாமா என்று அவள் இன்னும் சொல்லவில்லை. அவளை நெருக்காதீர்கள், நானும் நெருக்கமாட்டேன். எனக்கு எட்டு மாதம் எடுத்தது. ஆனால் வெள்ளி இரவு அவள் அந்த வீட்டில் பெரியம்மாவோடு மட்டும் இருக்கக் கூடாது. உங்கள் வீட்டுக்கு வரட்டும். பிள்ளைக்குத் தடிமன், நிறுக்க வேண்டும், ஏதாவது காரணம். அடையாள அட்டையும் கொப்பியும் இன்றைக்கே உங்கள் கைக்கு வரட்டும்.

நாளைக்குக் கிளினிக்குக்கு நானும் வருகிறேன், எட்டரைக்கு வாசலில் நிற்பேன். மிஸ்ஸிடம் தனியாக ஒரு வார்த்தை பேச வேண்டும். கடைசிப் பஸ்ஸுக்கு முன் அவளுக்குக் கொஞ்சம் வறை செய்து கொண்டு வரப் பார்க்கிறேன், குட்டிச் சுறா கிடைத்தால். என்னைக் கண்டதும் பால் எப்படி என்று அவளிடம் யாரும் தொடங்க வேண்டாம். பிள்ளையை நான் தூக்கி வைத்திருக்கிறேன், அவள் முதலில் சாப்பிடட்டும்.